ஓம் எண்டு சொல்லோணும்

— அம்மா, அழாதேங்கோ... நான் சொல்லுறதை முதல்ல கேளுங்கோ.

— ரிஷிகேசா! உயிரோட இருக்கிறியோ மகன்? எங்கயிருந்து...

— சிறையில. உக்ரைன்காரர் பிடிச்சு வைச்சிருக்கினம்.

— பிரான்சுக்கெண்டு உன்னையும் பக்கத்து வீட்டுப் பெடியனையும் கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் நாசமாப் போக! ரஷ்யாவில துவக்கைத் தந்து சண்டைக்கெல்லோ...

— மெதுவா, அம்மா. காவல்காரன் என்ர வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறான். தமிழ் விளங்காது... பேர் மட்டும் விளங்கும்.

— தாய் பிள்ளையின்ர பேரைச் சொல்லப்படாதோ?

— என்ர பேரைச் சொல்லலாம்... வேற ஆற்ற பேரும் வேண்டாம். இப்ப மொழிபெயர்க்கிற ஒராள் லைனில வருவார். இவன் உங்கட மகனோ எண்டு கேப்பார். ஓம் எண்டு சொல்லோணும்.

— வேற என்னத்தைச் சொல்லப்போறன், விசரா?

— நாளைக்குக் கைதியளை மாத்துறாங்கள். தாய் பொறுப்பெடுத்தால் ஊருக்கு விடுவினமாம். இல்லாட்டி ரஷ்யாக்காரரிட்டக் குடுப்பினம்... திருப்பியும் சண்டைக்கு. எனக்கு ஏலாது அம்மா. பயமாக்கிடக்கு.

— பயப்படாதை... அதென்ன, சொல்லுங்கோ, கேளுங்கோ எண்டு புது மரியாதை? "எணை கிழவி" எண்டெல்லோ கத்துவாய்!

— இஞ்ச... இஞ்ச இருந்து பழகிப்போச்சு. அங்க என்ன சத்தம்?

— துறைமுகத்தில கப்பல் ஊதுது.

— போனை யன்னலடியில பிடியுங்கோ, கேக்கட்டும்... கொஞ்சம்... காணும், போதும்.

— மகன்... உன்னோட வந்த பக்கத்து வீட்டுப் பெடியன்ர அலுவல் தெரியுமோ? பெட்டியில சாம்பலாத்தான் வந்தவன். போன கிழமை கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில அந்தியேட்டிச் சடங்கு செய்தது. தாய்க்காரி மயங்கி விழுந்திட்டா. நான்தான் பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு போனனான்.

— நீங்களோ... உங்கட மடியிலயோ...

— ஏன் மகன் அழுகிறாய்?

— அவ... சாப்பிடுறாவோ?

— ஆர்?

— பக்கத்து வீட்டில... அவ.

— இல்லை. பல்லில பச்சைத் தண்ணி படேல்லை.

— ஐயோ... அம்மா, மொழிபெயர்ப்பாளர் வாறாராம். ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. பேர் பொய்யெண்டு தெரிஞ்சா உளவாளியெண்டுதான் நினைப்பாங்கள்...

— என்ன பேர் பொய்? சொல்லடா. அவர் வரமுதல் சொல்லு.

— காய்ச்சலில நடுங்கிக்கொண்டு கிடந்தனான். அவன் தன்ர தடிச்ச குளிர்க் கோட்டை எனக்குப் போட்டுவிட்டான். என்ர கோட்டை மாட்டிக்கொண்டு தண்ணி எடுக்கப் போனவன்... குண்டு விழுந்தது. அவன்ர அடையாள காட் இந்தக் கோட்டுப் பைக்குள்ள, என்ர காட் அவனோட. பிடிச்சவங்கள் அந்தப் பேரை வாசிச்சுக் கேட்டாங்கள். பயத்தில ஓம் எண்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ...

— நீ வாய் திறந்த உடனேயே தெரியும், நீ என்ர பெடியன் இல்லையெண்டு.

— தெரிஞ்சோ இவ்வளவு நேரமும்...

— கதைச்சுக்கொண்டிருக்கிற மட்டுக்குமாவது அவன் உயிரோட இருக்கட்டும் எண்டுதான். கண்ணைத் துடை. போனைக் குடு அந்தாளிட்ட.

— வணக்கம் அம்மா. இவர் ரிஷிகேசன் எண்டு சொல்லுறார். உங்கட மகனோ?

— ஓம் ஐயா. என்ர மகன்தான். கெதியா அனுப்பிவிடுங்கோ... இஞ்ச தாய் சாப்பிடாமல் கிடக்கிறா.