சிஞ்ஞோருக்கு ஏற்ற துவக்கு

நல்ல வேட்டைத் துவக்கு வாங்க அதிகக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை. கடைக்காரன் முதலில் எடுத்துக் காட்டுவது பூவேலை செய்ததாகத்தான் இருக்கும். அதற்கு மயங்கக் கூடாது. பன்றி பூவேலையைப் பார்ப்பதில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். கோபாலசிங்கம் அண்ணை இத்தாலியனில் மாற்றித் தருவார். குவெஸ்தூராவில், இந்தப் பொலிஸ் கந்தோரில், எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பவர் அவர்தான். அண்ணை, எதையும் கூட்டிக் குறைக்க வேண்டாம். என் பெயர் விமலராஜ். ஊர் பேசாலை. பலேர்மோவின் கால்சாப் பகுதியில் சிஞ்ஞோர் கமில்லோவுக்கும் மனைவி சிஞ்ஞோராவுக்கும் வீட்டு வேலை செய்கிறேன்.

அந்த வேலை முதலில் கிறிகோரி அண்ணையுடையது. பலேர்மோவில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர் தன் வேலையில் இன்னொருவரை நிறுத்திவிட்டுப் போவார். அவர் திரும்பி வந்ததும் நின்றவர் சாவியைக் கொடுத்துவிட்டு எழும்பிவிட வேண்டும். தொண்ணூற்றைந்து ஆவணியில் திருச்சி முகாமில் இருந்த தாயைப் பார்க்கப் போனபோது கிறிகோரி அண்ணை என்னை நிறுத்தினார். அதுவரை நான் கடதாசி ஒன்றும் இல்லாமல், ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் ஏழு பேரோடு ஓர் அறையில் கிடந்தேன்.

எல்லாவற்றையும் காட்டித் தந்தார். "சிஞ்ஞோராவுக்குக் காலமை ரெண்டு மருந்துக் குளிசை. ஞாயிறிலை கிழவனோடை வேட்டைக்குப் போகோணும். பத்தைக்குள்ளை பன்றி கலைக்கப் போகேக்கை இந்தச் சிவப்புத் தொப்பியை மறந்திடாதை. கிழவனுக்குக் கண்ணிலை வெள்ளை படர்ந்திருக்கு."

சிஞ்ஞோருக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு வருடமாக ஒரு பன்றியும் விழவில்லை. துவக்கு அவருடைய தகப்பனாருடையது. குழல் தேய்ந்து, பிடி அவர் கைக்கு நீண்டு, வெடி எங்கே போகும் என்று வெடிக்கே தெரியாத நிலையில் இருந்தது. பத்தைக்குள் நிற்கிறவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான துவக்கு கிடையாது. புதிது வாங்கலாம் என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.

துவக்கு பற்றி எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த மூன்று வருடமும் நாட்டு இடியன் துவக்கோடு பன்றிக்குப் போனவன். இங்கே கடையிலும் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்தேன். பிடி தோளில் இருந்தால் கண் தானாகத் தூரக்கண்ணாடிக்குப் பின்னால் வர வேண்டும். விசை இழுபடாமல் சட்டென்று விட வேண்டும். கடைக்குப் பின்னால் இலக்குப் பலகையில் சுட்டால் மூன்று வெடியும் ஒரு நாணயத்தின் அகலத்துக்குள் விழ வேண்டும். செக் நாட்டில் செய்த ஒன்று அப்படி இருந்தது. மரம் வெறும் மரம், விலை பாதி. மிஞ்சிய காசை நல்ல தூரக்கண்ணாடிக்குக் கொடுக்கச் சொன்னேன். அதில் ஒரு வளையம் உண்டு. திருகினால் மூன்று மடங்கு முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாகத் தெரியும். பத்தைக் காட்டில் மூன்றுக்கு மேல் போகாதே, ஒன்பதில் பக்கத்தில் நிற்பது பன்றியா மாடா என்று தெரியாது என்று கடைக்காரன் என்னிடம்தான் சொன்னான். சிஞ்ஞோர் அப்போது வெளியே சுருட்டுப் புகைத்துக்கொண்டு நின்றார்.

மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு முன் வருகிறேன் என்று கிறிகோரி அண்ணையின் கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நாங்கள் துவக்குக் கடைக்குப் போனது வியாழன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கார்த்திகையில் புதுச் சட்டம் வந்திருந்தது. வேலை கொடுப்பவர் கையெழுத்து வைத்தால் இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கிடைக்கும். பெர்மெஸ்ஸோ கிடைத்தால் மடு முகாமில் இருக்கும் என் மனைவி அமலினியைக் கூப்பிடலாம். அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் வேலை இருந்தது. எனக்கு நித்திரை இல்லாமல் போனது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு கட்டு வெங்காயத்தாள் வாங்கப் போனால் வுச்சீரியாச் சந்தையை மூன்று தரம் சுற்றிவிட்டு வாங்காமல் வருவேன். பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

அண்ணை வந்தார். நிலைமையைச் சொன்னேன். "யோசியாதை தம்பி, நான் சிஞ்ஞோராவோடை கதைக்கிறன்," என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நத்தார் பரிசாக அவருக்குச் சந்தையில் ஒரு கம்பளிக் கோட் வாங்கிக் கொடுத்தேன். பழுப்பு நிறம், ஐம்பத்திரண்டு அளவு. அவர் மனைவி செலஸ்ரீனா அக்கா அதைத் தடவிப் பார்த்து, இவருக்கு இப்படி ஒருத்தரும் வாங்கித் தந்ததில்லை என்று கண்கலங்கினார்.

தை மாதம், நான் வேலையை விட்டு எழும்ப வேண்டிய கடைசி ஞாயிறு. சிஞ்ஞோரோடு வேட்டைக்கு அண்ணையும் நானும் போனோம். சாவி, குளிசைப் பட்டியல் எல்லாம் முதல் நாளே கையளித்துவிட்டேன்.

"தொப்பி எங்கை?"

"தோய்ச்சுக் காயப் போட்டனான், அண்ணை."

பழுப்புக் கோட்டின் பொத்தானைப் பூட்டியபடி அவர் சிரித்தார். "பறவாயில்லை. துவக்குத்தானே மாறினது, கிழவன் மாறேல்லையே," என்று சொல்லிக்கொண்டு பத்தைக்குள் இறங்கினார்.

நான் சிஞ்ஞோருக்குப் பக்கத்தில் நின்றேன். அவருக்கு என் கண்தான் கண். வளையத்தை ஒன்பதுக்குத் திருகிக் கொடுத்தேன். நாற்பது அடி தூரத்தில் பத்தை அசைந்தது. கண்ணாடி நிறையப் பழுப்பு மட்டும் தெரிந்திருக்கும். "பன்றி, சிஞ்ஞோர்," என்று காதுக்குள் சொன்னேன். ஒரே வெடி. அண்ணை ஒரு சத்தமும் போடவில்லை. நல்ல துவக்கு வாங்கினால் யாரும் கிடந்து துடிக்க வேண்டியதில்லை.

விபத்து என்று எழுதினார்கள். துவக்கு இன்னும் பொலிசில் உங்களிடம்தான் இருக்கிறது. வளையத்தை ஒருவரும் பார்க்கவில்லை, இப்போது பாருங்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் சிஞ்ஞோரா ஒரு கடதாசியை என் கையில் தந்தார். என் பெயருக்குக் கையெழுத்து வைத்த கடதாசி. வெள்ளிக்கிழமையே கிறிகோரி கேட்டுக் கையெழுத்து வாங்கி இங்கேயே வைக்கச் சொன்னானாம், தனக்கு வேலைக்கு வேறு வீடு பார்த்துவிட்டானாம், ஞாயிறு வேட்டை முடிந்து உன்னிடம் தருவதாக இருந்தானாம் என்றார். முதலே சொல்லியிருக்கலாம். எதையும் கடைசி வரைக்கும் வைத்திருப்பது அண்ணையின் பழக்கம்.

சிஞ்ஞோர் அதன் பிறகு படுக்கைதான். "கிரெகோரியோ" என்று சுவரைப் பார்த்து அழுவார். நான் முகம் துடைத்துவிடுவேன்.

பெர்மெஸ்ஸோ அந்த வருடமே வந்தது. தனியாகக் கொழும்புக்கு வரப் பயமாக இருக்கிறது, நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ என்று அமலினி இரண்டு வருடமாக எழுதுகிறாள். வாறன் என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் போடுகிறேன். ஆனால் என் இடத்தில் யாரை நிறுத்திவிட்டுப் போவது?

போன மாதம் எனக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் நடந்தது. சிஞ்ஞோரா பத்து நாளுக்குக் கிரிசாந் என்பவரை நிறுத்தினார். நாற்பது வயது, அமைதியான ஆள். நான் வந்ததும் வழக்கப்படி சாவியைத் தந்தார். இவனுடைய கோப்பி உன்னுடையதைவிட நல்லது என்று சிஞ்ஞோரா பகிடியாகச் சொன்னார். கிரிசாந்தை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். "உங்கடை கோட் என்ன அளவு?" என்று கேட்டேன். ஐம்பது என்றார். அடுத்த நாள் என் சட்டைப் பையில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது, அதில் என் கையெழுத்தில் ஐம்பது என்று இருந்தது. அதனால்தான் வந்தேன்.

கிறிகோரி அண்ணையைக் கொன்றது நான். சிஞ்ஞோருக்கு ஒன்றும் தெரியாது. அமலினிக்காகத்தான் செய்தேன், வேறு ஆசை எனக்கு இல்லை.

கோபாலசிங்கம் அண்ணை, கடைசியாக ஒன்று. எப்போது விடுவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அதுவரை அந்த வீட்டில் வேறு ஆளை நிறுத்த வேண்டாம் என்று சிஞ்ஞோராவுக்கு அறிவியுங்கள்.