கைக்கு எறிந்த பந்து

— ரெண்டு பேரும் வாயத் திறந்து பேசுங்க வாப்பா. பத்து நிமிஷம்தான் இடைவேளை, அதுல பாதி தண்ணி குடிச்சே போயிடுச்சு. எட்டு பாயிண்ட் பின்னாடி நிக்கிறோம்.

— என்னைக் கேக்காதீங்க பாய். வேம்புவக் கேளுங்க.

— உன்னையும்தான் கேக்கறேன் துரைராசு. போன வருஷம் காலேஜ் டீமுக்கு நீ மேட்ச்சுக்கு முப்பது பாயிண்ட் போட்டே. திருத்துறைப்பூண்டி டீமுக்கு இவன் அதே முப்பது போட்டான். ரெண்டு பேரையும் ஒரே பனியன்ல ஏத்தி மன்னார்குடிக்கு எறக்கினா கோப்பை நம்ம வீட்டுலதான்னு கடைக்கு வந்தவங்க கிட்டல்லாம் சொன்னேன். துணி எடுக்க வந்த பொம்பளைங்களைக் கூட விடல. பினாங்குல சீனப் பசங்களோட இந்தக் கூடைப்பந்து ஆடி வளந்தவன் நானு. அந்த அறிவு இன்னைக்குச் சந்தி சிரிக்குது.

— கேட்டீங்கன்னா சொல்றேன். டீக்கடையில அப்பவே ஒருத்தன் சொன்னான். ஆளு ரெண்டு, பந்து ஒண்ணுதானேன்னு.

— அது நம்ம ஜெக்கரியா. அவனை உக்கார வச்சுட்டு உங்களுக்கு எடம் கொடுத்தேன்ல, வயித்தெரிச்சல்ல பேசறான்னு நெனச்சேன். கண்ணால பாத்ததத்தான் சொல்லியிருக்கான் பாவி. வேம்பு, நீ ஏன் பேச மாட்டேங்கற?

— என்ன சொல்றதுங்க பாய். ஆடிக்கிட்டுத்தானே இருக்கேன்.

— ஆடறே. மத்த மூணு பேருக்கும் நீ கொடுக்கற பந்து நெஞ்சுக்கு நேரா ராஜாவாட்டம் போவுது. துரைராசுக்கு மட்டும் ஏன் தரையில தட்டிக் கொடுக்கறே? மண்ணுத் தரை இது. பந்து எழும்பாம உருண்டு போவுது. அவன் குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள திருச்சிக்காரன் ரெண்டு பேரு வந்து மறிச்சுடறான்.

— பழக்கமாப் போச்சுங்க.

— பழக்கம்னா எல்லாருக்கும்ல அப்படிக் கொடுக்கணும்?

— நான் சொல்றேன் பாய். இவன் வேணும்னே பண்றான். எங்க ஊர்ல அறுப்பு நின்னு கெடக்குது. கூலி நெல்லு ஒசத்திக் கேட்டு இவங்கப்பா கொடி புடிக்கறாரு. எங்கப்பா வெளியூர் ஆள எறக்கிட்டாரு. அந்தக் கோவத்த என் மேல காட்டறான். பண்ணை வீட்டுப் புள்ள குனியறத அவங்க ஆளுங்க பாக்கணும், அவ்வளவுதான்.

— அப்படியா வேம்பு?

— இல்லீங்க. சத்தியமா இல்லீங்க.

— பின்ன என்ன? அந்தா, வெள்ளைத் தொப்பி போட்டு உக்காந்திருக்காரே நடராசன் சார், அவரு மெட்ராஸ்லேர்ந்து யாருக்காக வந்திருக்காரு? துரைராசுக்கு வேலை எதுக்கு, வயலு கெடக்கு. உனக்காகத்தான் கூப்புட்டேன். அவரு கம்பெனி டீம்ல சேத்துக்கிட்டா வேலை, சம்பளம், குடியிருக்க வீடு. ஆனா அவரு காலையில என்ன சொன்னாரு தெரியுமா? ஒத்தையா கூடையில போடற பயலுங்க என்கிட்ட நாலு பேரு இருக்கான் பாய், பந்தக் கொடுக்கத் தெரிஞ்சவன் இருந்தா காட்டுங்கன்னாரு. முதல் பாதியில நீ கொடுத்த லட்சணத்த அவரு பாத்துட்டாரு.

— எனக்கும் அந்த வேலை வேணுங்க பாய். ஆத்தாளையும் அப்பாவையும் அந்த மனையிலேர்ந்து கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னுதான் ராப்பகலா ஆடறேன்.

— அப்பறம் ஏன் வாப்பா?

— சின்னையாவுக்குக் கையில கொடுத்துப் பழக்கமில்லீங்க.

— சின்னையான்னு சொல்லாதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? துரைன்னு கூப்பிடு. பாய், இவன் வேணும்னு நானே கேட்டுக்கிட்டுத்தான் இந்த டீமுக்கு வந்தேன்.

— இருப்பா, அவன் சொல்லட்டும். கையில கொடுத்துப் பழக்கமில்லைன்னா?

— எங்க தெருவுலேர்ந்து பண்ணை வீட்டுக்கு எது போனாலும் கீழ வச்சுட்டு எட்டப் போயி நிக்கணுங்க. அரிவாளானாலும் சரி, எளநியானாலும் சரி. அவங்க வந்து எடுத்துக்குவாங்க. நான் யோசிச்சுப் பண்ணலீங்க பாய். பந்து கையில இருக்கும்போது எதுக்க இவங்க முகத்தப் பாத்ததும் கை தன்னால கீழ போயிடுது.

— அல்லாவே. இது தெரியாம நான் கடைச் சுவத்துல கரிக்கோடு போட்டு உனக்குப் பாஸ் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கேன்.

— டேய், என்னடா பேசறே? இப்ப யாரு ஆட்சி நடக்குது? நான் காலேஜ் கூட்டத்துல என்ன பேசறேன்னு உனக்குத் தெரியாதா? சாதிய ஒழிக்கணும்னு மைக்கப் புடிச்சுக் கத்தறவன்கிட்டயா நீ கீழ வைக்கறே? குடியிருக்கற மனை உங்களுக்கேன்னு சட்டமே போட்டாச்சு.

— சட்டம் வந்துடுச்சுங்க. பட்டா வரல. இன்னிக்கும் உங்க எடத்துலதான் எங்க அடுப்பு எரியுது.

— அது அப்பா விஷயம். நான் என்னைச் சொல்றேன். நான் என்னிக்காவது உன்னைத் தள்ளி வச்சிருக்கேனா?

— நீங்க வைக்கல. கெண்டை மீனு ஞாபகம் இருக்குங்களா?

— என்ன மீனு?

— நாம ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க. வடிவாய்க்கால்ல ஒரு கெண்டை புடிச்சேன். நீங்க கரையில நின்னு கைய நீட்டுனீங்க. நானும் கையில கொடுத்துட்டேன். பண்ணைக் கணக்குப் பாக்கற உங்க காரியக்காரர் பாத்துட்டாரு. அன்னிக்கு எங்கப்பாவக் களத்து மேட்டுல கட்டி வச்சு அடிச்சாங்க. உங்களை வீட்டுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போனாங்க. நீங்க அழுத சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டுது.

— எனக்கு ஞாபகமே இல்லடா.

— எனக்கு இருக்குங்க.

— சரி, ரெண்டு பேரும் கேளுங்க. இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல, பத்து நிமிஷத்துல நான் சரி பண்றதுக்கு. ஜெக்கரியாவ எறக்கறேன். வேம்பு, நீ அவனுக்குக் கொடு. துரைராசுக்கு அவன் கொடுப்பான். ரெண்டு முப்பதக் கூட்டினா அறுபதுன்னு கணக்குப் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். ஆனா எப்பவாவது ஒரு பந்து, ஜெக்கரியா இல்லாத எடத்துல, இவனுக்கு நேராக் கொடுக்க வேண்டி வரும். அப்ப என்ன பண்ணுவே?

— பெரியய்யா முன்வரிசையில நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க பாய். கோப்பையே அவங்க தகப்பனார் பேர்ல கொடுத்தது. கயித்துக்கு அந்தப் பக்கம் எங்க சனம் நிக்குது. நான் நேரா எறிஞ்சு அது எக்குத்தப்பா எங்கயாவது பட்டுதுன்னா, நாளைக்கு எங்கப்பா ஊருக்குள்ள நடமாட முடியாது.

— பட்டா படட்டும். நான் பாத்துக்கறேன். டேய், இங்க பாரு. என் கையப் பாரு. ரெண்டு கையையும் இப்படி நெஞ்சுக்கு முன்னால விரிச்சு வச்சுக்கிட்டு நிப்பேன். இதுல எறி. புடிக்கலைன்னா என்னைக் கேளு.

— எறியறேங்க.

— துரைன்னு சொல்லு.

— விசில் ஊதிட்டான், கெளம்புங்க கெளம்புங்க. ஜெக்கரியா, சட்டையக் கழட்டு வாப்பா.

*

— அழுவாத வேம்பு. ஒரு பாயிண்டுலதான் தோத்தோம். எட்டு பாயிண்ட் பின்னாடி கெடந்த டீமு ஒரு பாயிண்ட் வரைக்கும் ஏறி வந்துச்சுன்னா சும்மாவா? ஜெக்கரியா நடுவுல நின்னு உங்க ரெண்டு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தான் பாரு, அப்படி ஒரு ஆட்டத்த மன்னார்குடி பாத்ததில்ல.

— நான் அழுவலீங்க. வேர்வை.

— எல்லாத்தையும் பண்ணிட்டு கடைசியில போயி இப்படிப் பண்ணிட்டியே வாப்பா. ஜெக்கரியா கீழ விழுந்துட்டான், பந்து உன் கையில. துரைராசு கூடைக்கு அடியில ஒத்தையா நிக்கறான். ஆளே இல்ல. மெதுவாக் கொடுத்திருந்தா வாங்கிப் போட்டிருப்பான். என்ன அவசரம் உனக்கு? கண்ண மூடிக்கிட்டு எறிஞ்ச மாதிரில்ல எறிஞ்சே. பந்து இவனத் தாண்டிப் பறந்து போயி அவங்கப்பா நாற்காலிக் கால்ல முட்டி நிக்குது.

— நான் அவசரப்படலீங்க பாய்.

— என்கிட்டச் சொல்லி என்ன? காரியக்காரர் அங்க சத்தம் போட்டுக்கிட்டு நிக்கறாரு. பண்ணையாரக் குறி வச்சு எறிஞ்சான்னு. கயித்துக்கு வெளிய நின்ன உங்க சனமெல்லாம் சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிடுச்சு.

— எங்கப்பா முதல்ல கெளம்பிட்டாருங்க. ராத்திரி பண்ணை ஆளுங்க வர்றதுக்குள்ள வாசல்ல இருக்கற நெல்லு மூட்டையையும் சட்டி பானையையும் உள்ள எடுத்து வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு.

— நடராசன் சார் கையக் கழுவிட்டாரு. எதுக்க நிக்கறவன் கை எங்க இருக்குன்னு தெரியாம எறியற ஆள நான் எங்க வச்சுக்கறதுன்னு என் மூஞ்சிக்கு நேராக் கேட்டாரு. துரைராசு, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்.

— என்ன பாய் சொல்லச் சொல்றீங்க? கை பூரா வேர்வை. வழுக்கிடுச்சு.

— பந்து கையில பட்டாத்தானேங்க வழுக்கும்.

— என்ன சொல்றே வேம்பு?

— நான் வேகமா எறியல பாய். இவங்க சொன்ன மாதிரியே கைய விரிச்சு வச்சுக்கிட்டு நின்னாங்க. அந்தக் கையப் பாத்துத்தான் எறிஞ்சேன். என் வாழ்நாள்ல அவ்வளவு நேரா ஒரு பந்த எறிஞ்சதில்ல. பந்து போய்ச் சேரும்போது கை அங்க இல்ல.

— நான் நின்ன எடத்துலேர்ந்து துரைராசு முதுகுதான் தெரிஞ்சுது. துரைராசு, என்னைப் பாரு. இவன் சொல்றது நெசமா?

— பாய்...

— சொல்லு வாப்பா.

— புடிக்கத்தான் நின்னேன் பாய். கோப்பைய ஜெயிக்கணும்னு என்னை விட யாருக்கு ஆசை? பந்து வருது. ஜெக்கரியா கிட்டேர்ந்து இல்ல, இவன் கையிலேர்ந்து நேரா என் கைக்கு வருது. பின்னால அப்பா உக்காந்திருக்காரு. ரெண்டு கையும் பின்னால போயிடுச்சு. நான் இழுக்கல பாய். சுடற பாத்திரத்துலேர்ந்து கைய எடுத்துக்கற மாதிரி அதுவா போயிடுச்சு.

— ஞாபகம் இல்லன்னீங்க. கைக்கு ஞாபகம் இருந்திருக்கு.

— வேம்பு, நான் வேணும்னே பண்ணலடா.

— தெரியுங்க. நானும் வேணும்னே கீழ போடலன்னு சொன்னேன். நீங்கதான் நம்பல.

— பேச நேரமில்ல. எந்திரி துரைராசு. நடராசன் சார் இன்னும் போகல. தெப்பக்குளத்தாண்ட வேப்பமரத்தடியில நிக்கறாரு. போயிச் சொல்லு. அவன் எறிஞ்சது சரி, நான்தான் கைய எடுத்துட்டேன்னு. அந்த ஒரு வார்த்தைக்கு இவனுக்கு வேலை கெடைக்கும். காரியக்காரர் வாயும் அடையும்.

— சொல்றேன் பாய். கண்டிப்பா சொல்லிடறேன்.

— அப்பறம் ஏன் உக்காந்தே இருக்கே?

— அவரு பக்கத்துல அப்பா நிக்கறாரு. தஞ்சாவூர் வரைக்கும் நம்ம கார்லயே வந்துடுங்கன்னு கூப்புட்டிருக்காரு. காரியக்காரர் நிக்கறாரு. ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் நிக்கறாங்க.

— நின்னா என்ன? மைக்கப் புடிச்சு ஊருக்கே சொல்றவன்தானே நீ.

— ஏன் கைய எடுத்தேன்னு கேப்பாங்களே பாய். என்னன்னு சொல்லுவேன்?

— உள்ளதச் சொல்லு.

— அப்பா முன்னாலயா? நாளைக்குக் காலையில நான் மெட்ராஸுக்கே பஸ் ஏறிப் போயி அவரத் தனியாப் பாத்துச் சொல்லிடறேன். அவரு என்ன, ஓடியா போயிடப் போறாரு?

— இவன் வீடு நாளைக் காலை வரைக்கும் நிக்குமான்னு தெரியல, நீ நாளைக்குப் பஸ் ஏறப் போறியா? கார்க் கதவ சாத்தறாங்க பாரு. ஓடு வாப்பா. நான் வேணா கூட வர்றேன். நான் சொன்னா இவனுக்குப் பரிஞ்சு பேசறேன்னு சொல்லுவாங்க, வாய நீதான் திறக்கணும்.

— கொஞ்சம் இருங்க பாய். யோசிச்சுக்கறேன்.

— விடுங்க பாய். அவங்களால முடியாது.

— போயிடுச்சு. கார் போயிடுச்சு. இனிமே உக்காந்து நல்லா யோசி.

— வேம்பு. டேய். எங்க போறே?

— ஊருக்குங்க. பொழுது சாயறதுக்குள்ள அப்பாகூடப் போயி நிக்கணும்.

— நில்லுடா. கையில வச்சிருக்கற அந்தப் பந்தக் கொடுத்துட்டுப் போ. யாரும் இல்ல இப்ப, அப்பா இல்ல. இந்தா, கைய விரிச்சு வச்சிருக்கேன். இந்தத் தடவ புடிக்கறேன். ஒரே ஒரு தடவ கையில கொடுடா.

— கீழ வச்சிருக்கேன். எடுத்துக்குங்க, சின்னையா.