டச்பேட்: திருப்திகரம்

எழுதச் சொல்லி நீங்கள் கொடுத்திருக்கும் இந்த லெப்டொப்பின் கீபோர்ட் அவ்வளவு நல்லதல்ல. இடைவெளி விசையை நடுவில் தட்டினால்தான் விழுகிறது. 'ழ' சில நேரம் இரண்டு தடவை விழுகிறது. பொலிஸ் கந்தோருக்கு இதை வாங்கியவர் கடையில் நின்றபடி ஒற்றை விரலால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்திருப்பார். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பதினோரு வருடமாக இதுதான் என் வேலை, கை சும்மா இருக்காது.

என் பெயர் விஜிதரன். ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தொழில்நுட்ப அலுவலர். மழை, சேறு, குளிர் எல்லாவற்றையும் தாங்கக்கூடிய கணினிகளைத் தெரிவுசெய்வது என் பொறுப்பு. விற்க வருபவர்கள் அதைத் தரையில் போட்டுக் காட்டுவார்கள், மேலே தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கணினி உயிரோடு இருந்து மட்டும் என்ன பயன்? விரல் சொல்வதை அது கேட்க வேண்டும். அதனால் நான் கீபோர்டையும் டச்பேட்டையும்தான் முதலில் பார்ப்பேன். விசையின் நடுவில் எல்லாரும் தட்டுவார்கள், நான் மூலையில் தட்டுவேன். கையுறை போட்டுத் தட்டுவேன், ஈரக்கையோடு தட்டுவேன். விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்துகிற சதுரம் இருக்கிறதே, அந்த டச்பேட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று அழுத்தத்தை உணரும், யார் கை என்று பார்க்காது. மற்றது தோலை உணரும். தோல் மெல்லியதாக, சுத்தமாக இருந்தால் அதைப்போல நல்லது இல்லை.

தலவாக்கலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. சரிவுக்கு அடியில் வரிசை வீடுகளாக மூன்று லயம், முப்பத்தொரு குடும்பம். மலையில் வெடிப்பு விட்டு இரண்டு வருடமாகியும் அவர்களுக்கு மாற்றிடம் கிடைக்கவில்லை. அதுவரைக்கும் ஓர் ஏற்பாடு செய்தோம். சற்று மேட்டில் இருக்கும் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், மழைமானியும் ஒரு லெப்டொப்பும். மழை அளவு எல்லையைத் தாண்டினால் திரையில் சிவப்புப் பொத்தான் வரும். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் அமுக்கினால் மூன்று லயத்திலும் அபாயச் சங்கு ஊதும், சனங்கள் கோயில் மைதானத்துக்கு ஓடிவிடலாம். அதே பக்கமும் அதே பொத்தானும் ஹட்டனில் என் மேசையிலும் இருந்தன. அங்கே ஏதும் கோளாறு என்றால் நான் அமுக்குவதற்காக.

காவலுக்கு ஆள் வேண்டும். என் மனைவியின் தம்பி மதுரன் கணினிப் பாடநெறி முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தான். அவனை மனத்தில் வைத்துத்தான் நான் அந்த வேலைக்கான தகுதிகளையே எழுதினேன். ஆனால் லயத்துச் சனங்கள் கூட்டம் போட்டு ராக்காயியைத் தெரிவுசெய்தார்கள். ஐம்பத்தொரு வயது, முப்பத்துநாலு வருடம் கொழுந்து பறித்தவர். மலையில் மண் சத்தம் போட்டால் அவருக்குத்தான் முதலில் கேட்கும் என்றார்கள். எங்கள் நிறுவனமும் ஒத்துக்கொண்டது. மூன்று மாதம் பார்ப்பது, சரிவராவிட்டால் மதுரன் என்று முடிவானது.

எனக்கு அது பிடிக்கவில்லை. இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

நான்கு இயந்திரங்களைக் கொண்டுவந்து பிள்ளைக் காம்பராவிலேயே பரிசோதித்தேன். மதுரனையும் கூட்டிப்போயிருந்தேன். கீபோர்டில் ராக்காயி அவனைத் தோற்கடித்தார். எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் காட்டினால் போதும், அப்புறம் கண் திரையில், கை தன்பாட்டில் போகும். மதுரன் தலையைக் குனிந்துகொண்டு தேடித் தேடித் தட்டினான். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

பிறகு டச்பேட். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய இயந்திரங்களில் ராக்காயி தடவியதும் அம்புக்குறி ஓடியது. மூன்றாவதில் அசையவேயில்லை. தேயிலைக் கறை ஏறிக் காய்த்துப்போன விரல்நுனி. அவர் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என் கைய இதுக்குத் தெரியலீங்களே சேர்."

நானும் சிரித்தேன். அதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். நான் வாங்கிக் கொடுத்த தொலைபேசி அவர் விரலுக்கு ஒருநாளும் அசைந்ததில்லை. என்னிடம் நீட்டி, "நீயே அமுக்கிக் குடு சாமி" என்பார். நான் அமுக்கிக் கொடுப்பேன். அவர் இறந்து நாலு வருடமாகிறது.

நான் மூன்றாவது இயந்திரத்தைத் தெரிவுசெய்தேன். அறிக்கையில் கீபோர்ட் 'மிகச் சிறந்தது' என்று எழுதினேன், அது உண்மை. டச்பேட் 'திருப்திகரம்' என்று எழுதினேன். யாருடைய விரலுக்கு என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. ஒரே மாதிரியாக இரண்டு வாங்கினோம். ஒன்று பிள்ளைக் காம்பராவுக்கு, ஒன்று என் மேசைக்கு.

இன்னொன்றும் செய்தேன். அந்த மென்பொருளில் டச்பேட்டைத் தொடாமல் ஒரே விசையைத் தட்டியும் சங்கை ஊதலாம். அந்த வசதியை எடுத்துவிட்டேன். குழந்தைகள் இருக்கிற இடம், தெரியாமல் தட்டிவிடும் என்று காரணம் எழுதினேன். நல்ல காரணம். யாரும் மறுக்கவில்லை.

ராக்காயியின் கையில் உயிர்கள் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாரம் ஒருமுறை நடக்கும் ஒத்திகையில் அவர் நாலைந்து தடவை தவறினால் போதும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

முதல் ஒத்திகையில் தவறினார். அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சேர், அம்பு நகரமாட்டேங்குது. மவுஸ் ஒண்ணு குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"அனுப்புறேன். அதுவரைக்கும் கைய நல்லாக் கழுவிட்டுத் தொடுங்க."

என் மேசை லாச்சியில் மூன்று மவுஸ் இருந்தன. இப்போதும் இருக்கும்.

இரண்டாவது ஒத்திகையில் அவர் தவறவில்லை. மூன்றாவதிலும் இல்லை. ஆச்சரியப்பட்டு நேரில் போய்ப் பார்த்தேன். வலது கை ஆட்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தார்.

"என்ன கையில?"

"செங்கல்லுல தேச்சேன் சேர். மேல்தோல் போயிட்டா இதுக்குத் தெரியுது. ரெண்டு நாளைக்குத் தாங்கும், அப்புறம் மறுபடி காய்ச்சுப் போயிரும்."

"வலிக்கலியா?"

"பணிய லயத்துல பச்சப்புள்ளைங்க மட்டும் ஒம்பது இருக்கு சேர். இது என்ன வலி."

பணிய லயம் என்றால் மூன்றிலும் கீழே இருப்பது. நான் ஹட்டனுக்குத் திரும்பி, 'பயனாளர் சாதனத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறார்' என்று குறிப்பு எழுதினேன். அந்த விரலை நினைத்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

பரிசோதனைக் காலம் முடிய நாலு நாள் இருந்தபோது மழை பிடித்தது. ஞாயிறு தொடங்கிச் செவ்வாய் வரைக்கும் விடவில்லை. செவ்வாய் காலையிலேயே மின்சாரம் போய், அந்தப் பக்கத்துத் தொலைபேசிகளும் செத்துப்போயின. எங்கள் கருவிக்கு மட்டும் தனி பற்றரியும் கூரையில் ஒரு செய்மதித் தட்டும் இருந்ததால் அதன் இணைப்பு அறவில்லை. நான் என் மேசையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து, என் லெப்டொப்பில் தெரிந்த ராக்காயியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் மூன்று மணி நாலுக்கு அவர் மழை அளவைத் தட்டினார். எல்லையைத் தாண்டியிருந்தது. இரண்டு திரையிலும் சிவப்புப் பொத்தான் வந்தது. அவருடைய அம்புக்குறி திரையின் இடது மூலையில் இருந்தது. அங்கேயே இருந்தது. கடைசியாகச் செங்கல்லில் தேய்த்து நாலைந்து நாள் ஆகியிருக்கும், ஈரம் வேறு. ஒரு தடவை சற்றே துடித்தது, பிறகு நின்றுவிட்டது.

நான் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன். இது ஒத்திகை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பரிசோதனையின் நடுவில் கையை விட்டால் அதன் முடிவுக்கு மதிப்பில்லை என்பது என் தொழிலின் முதல் பாடம்.

மூன்று எட்டுக்குக் குறிப்புப் பெட்டியில் எழுத்து வந்தது. 'சேர் கை புடிக்கல.'

மூன்று பன்னிரண்டுக்கு மறுபடி. 'சேர் நீங்களே அமுக்கிடுங்க. நான் பணிய லயத்துக்கு ஓடுறேன்.'

கொட்டும் மழையில், ஈரக்கையால் தட்டியது. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. கீபோர்டைப் பற்றி நான் எழுதியது சரிதான் என்று நினைத்தேன். உண்மையிலேயே அதைத்தான் நினைத்தேன்.

மூன்று இருபத்தொன்றுக்கு இணைப்பு அறுந்தது.

பணிய லயத்தில் இருந்த எல்லாரையும் ராக்காயி வெளியேற்றிவிட்டார், அந்த ஒன்பது குழந்தைகள் உட்பட. நடு லயத்தின் ஆறாவது வாசலில், சரிந்த மண்ணுக்குள்ளிருந்து அவரைத் தோண்டி எடுத்தார்கள். மேல் லயத்துக்கு யாரும் போய்ச் சேரவில்லை. மொத்தம் பத்தொன்பது பேர், அவரையும் சேர்த்து. சங்கு ஏன் ஊதவில்லை என்று கேட்டபோது, இயக்குபவர் பொத்தானை அமுக்கத் தவறிவிட்டார் என்று அறிக்கை கொடுத்தேன். அதைக் கேட்டு ராக்காயியின் மகள் தனுஷிகா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "எங்கம்மா அப்படிச் செய்யமாட்டாங்க சேர்" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. நான் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

நாலு நாள் சேற்றுக்குள் கிடந்த லெப்டொப்பை எடுத்து நீங்கள் துடைத்து மூடியைத் திறந்ததும் அது உயிர் பெற்றது. ராக்காயி தட்டிய இரண்டு வரியும் அதில் இருந்தன. நான் அவற்றை எப்போது படித்தேன் என்ற நேரமும் பக்கத்திலேயே இருந்தது. அது அப்படி உழைக்கும் என்று சான்றளித்தவன் நான்தான். மதுரனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. காவல் காக்க அங்கே இனி லயம் இல்லை.

நேற்று நீங்கள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டீர்கள், அந்த ஒன்பது நிமிடமும் என் கை எங்கே இருந்தது என்று. நான் தண்ணீர் கேட்டுச் சமாளித்தேன். இப்போது எழுதுகிறேன். டச்பேட்டில் இருந்தது. 'நீங்களே அமுக்கிடுங்க' என்று படித்ததும் அம்புக்குறியைச் சிவப்புப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். ஒரே தடவலில் போய் நின்றது. மூன்று பதினேழு வரைக்கும் அது பொத்தானின் மேலேயேதான் இருந்தது. ஒரு தட்டு மட்டும் மிச்சம். பிறகு விரலை எடுத்து, ஆறிக்கொண்டிருந்த பிளேன்டீயைக் குடித்தேன்.

பத்தொன்பது பேரையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் அறிக்கையில் 'திருப்திகரம்' என்ற சொல்லை மட்டும் பொய் என்று சொல்ல வேண்டாம். என் விரலுக்கு அது கடைசி வரைக்கும் நன்றாகத்தான் வேலை செய்தது.