மெழுகு அடைத்த மூங்கில் குழல்

காஜியாரே, உப்பை அரிசிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. உப்பு காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும். பாய்மர ஓடத்தில் முப்பது வருடமாகச் சாமான் அடுக்குகிறவன் நான். அடியில் தென்னை மட்டை, அதன்மேல் ஓலைப்பாய், அதற்கும் மேலேதான் அரிசி. தீப்பெட்டியை மூங்கில் குழலில் போட்டு, வாயைத் தேன்மெழுகால் அடைத்து, அரிசிக்குள் புதைத்துவிடுவேன். மங்களூரிலிருந்து நம் கில்தான் தீவு வந்து சேரும்வரை என் பொறுப்பில் ஒரு பிடி அரிசி பூசணம் பூத்ததில்லை.

சாமானைக் காக்கத் தெரிந்தவனுக்கு வாயைக் காக்கத் தெரியவில்லை. மீன்குழம்பில் புளி கூடிப்போனதற்காக என் பெண்டாட்டி செறியபியிடம் மூன்று தலாக்கையும் சொல்லித் தொலைத்தேன். இனி அவள் இன்னொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அந்தக் கட்டும் அறுந்தால்தான் திரும்ப எனக்கு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எங்கள் ஓடத்தில் பாய் பிடிக்கிற பூக்குஞ்ஞி அவளைக் கட்டிக்கொண்டான். நம் தீவு வழக்கப்படி இரவு மட்டும் பெண்டாட்டி வீட்டில் தங்கிவிட்டு, விடியற்காலையில் அவன் தன் தாய்வீட்டுக்குத் திரும்பும் வழி என் வேலியோரம்தான். தினமும் காக்கா என்று அண்ணன் முறை வைத்து சலாம் சொல்லிவிட்டுத்தான் போவான்.

மழைக்காலத்துக்கு முந்தைய கடைசிப் பயணம். சோறு தின்னும்போது எல்லோர் முன்னாலும் என்னைச் சீண்டினான்.

"நீங்க பொத்திப் பொத்தி வெச்சதெல்லாம் கடைசியில நான் திங்கத்தான் அலிக்கோயா காக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது காற்று திரும்பியது. பாய்க்கழி அடித்து பூக்குஞ்ஞி கடலில் விழுந்தான். இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது, அடுப்பு ஏற்கெனவே அலையில் அணைந்திருந்தது. ஓலைப்பந்தம் கொளுத்து, வெளிச்சத்தைப் பார்த்து நீந்தி வந்துவிடுவான் என்று ஓடத்தின் தலைவர் என்னைக் கீழே விரட்டினார். சரக்கறை மூடியைத் திறந்து அரிசிக்குள் கையை விட்டேன். குழல் விரலில் பட்டது, மெழுகு கெட்டியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"தீக்குச்சி நனைஞ்சு போச்சு" என்றேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. கடலுக்குள்ளிருந்து அவன் வேறு யாரையும் கூப்பிடவில்லை காஜியாரே. நெருப்பு யார் கையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"அலிக்கோயா காக்கா, வெளிச்சம் காட்டுங்க."

ஏழெட்டு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை. மூடியைத் திறந்து வைத்தால் அலை இறங்கி அரிசி கெடும், மழை முழுக்கத் தீவு பட்டினி கிடக்கும் என்றுதான் செய்தேன் என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியை நான் முன்பே திறந்தாயிற்று. அந்த அரிசியில் ஒரு கவளம்கூட என் தொண்டையில் இறங்கவில்லை. நான்தான் அவனைக் கொன்றேன்.

புருஷன் செத்தவள் காத்திருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா நேற்றோடு செறியபிக்கு முடிந்தது. அவள் மாமன் வந்து பேசிவிட்டுப் போனார். மனதில் கிடந்ததை உங்களிடம் இறக்கி வைத்துவிட்டேன், இப்போது லேசாக இருக்கிறது. செறியபியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், தாங்க மாட்டாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நிக்காஹ் வைத்திருக்கிறோம். நீங்கள்தான் நடத்தித் தர வேண்டும்.