கை தட்டின ஆறு பேர்

ஓடுறோம். தேயிலைச் செடி முழங்காலைக் கிழிக்குது. பின்னால தகரக் கூரையில கல் விழுது. டண். டண். அப்புறம் கண்ணாடி உடையுது.

"ரோட்டுக்குப் போகாதீங்க! அங்கயும் நிக்கிறாங்க!"

கத்தினது ரெங்கசாமி. என்கூட தேயிலை ஃபேக்டரியில வேலை செஞ்சவன். தோட்டத்து வரிசை வீடான லயத்துல எனக்கு அடுத்த காம்பரா, ஒத்தை அறை.

ஐம்பத்தெட்டு. மே மாசக் கடைசி. இலங்கை பூரா தமிழாளுங்களை அடிச்சுக்கிட்டிருந்த வாரம். அதே வாரந்தான் ஜப்பான்ல ஆசிய விளையாட்டு. இந்தியா ஹாக்கி ஆடுது. நோட்டன் பிரிட்ஜ் போற ரோட்டுல பழனி அண்ணன் டீக்கடை. அங்க ஒரு ரேடியோ. சாயங்காலம் செய்தி கேக்கக் கூடுவோம். அண்ணனோட சேர்த்து ஆறு பேர். ஒருத்தரும் இந்தியாவைப் பார்த்ததில்ல. பிறந்தது இந்த மலையில. இங்க எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்ல. அங்க எங்களைத் தெரிஞ்சவங்க இல்ல. ஆனாலும் "நம்ம ஆளுங்க"ன்னுதான் சொல்லுவோம்.

அன்னைக்கு இந்தியா ஜெயிச்சதா செய்தி. கை தட்டினோம். பெஞ்சைத் தட்டினோம். அந்தச் சத்தத்துல வெளிய கூட்டம் வந்தது கேக்கல.

ரெங்கசாமி எனக்குப் பின்னால ஓடி வர்றான். ஒரு கல்லு. மெத்துன்னு ஒரு சத்தம். திரும்பினேன். செடிக்கு நடுவுல கிடந்தான். தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு இறங்கினேன். காது வழியா ரத்தம். என் சட்டை நனைஞ்சுது.

ஆஸ்பத்திரியில நாலு நாள் கண்ணு திறக்கல. அஞ்சாம் நாள் காலையில திறந்தான்.

"பாகிஸ்தான் மேட்ச் என்னாச்சு?"

ரெண்டு பக்கமும் கோல் இல்ல. மொத்தக் கோல் கணக்குப் பார்த்து தங்கத்தைப் பாகிஸ்தானுக்குக் குடுத்துட்டாங்க. முந்தின நாளே வார்டுல ஒருத்தர் சொல்லியிருந்தார்.

"நம்மதான்டா ஜெயிச்சோம்"னேன்.

உதடு லேசா விரிஞ்சுது. மத்தியானம் செத்துட்டான்.

அறுபத்தி நாலு. மறுபடி ஜப்பான். ஒலிம்பிக். பாகிஸ்தானை இந்தியா ஜெயிச்சிருச்சு. ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கீழ ஒரு கடை வாசல்ல நின்னு கேக்குறேன். பக்கத்துல நின்னவர்கிட்ட சொன்னேன். "அப்படியா"ன்னுட்டு பஸ் ஏறிப் போயிட்டார்.

ரெங்கசாமி செத்தான். பழனி அண்ணன் கடை எரிஞ்சுது, அவர் வடக்க வவுனியாப் பக்கம் போயிட்டார். மாரிமுத்துவும் அவன் தம்பியும் பாஸ்போர்ட் எடுத்து இந்தியா போனாங்க. ஒரு கடிதாசி வரல. சுப்பையா அன்னைக்குத் தேயிலைக்குள்ள ஓடினவர்தான். இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.

மிச்சம் நான் ஒருத்தன்.