ஒம்பதாவது டேக்

இல்ல மக்கா, இது திருப்புறம் வழி பூவாறு போற வண்டிதான். நீ இந்த பெஞ்சில இரி. இருபத்தெட்டு வருசம் இதே நெய்யாற்றின்கரையில கண்டக்டரா இருந்தவனாக்கும் நான், எனக்குத் தெரியாத வண்டியா? டிரைவரு சாயா குடிக்கப் போயிருக்கான். மணி என்ன? பத்தரையா. செரி.

இதுவா? கண்ணாடிக்கூடு. எனக்க வீட்டுக்காரிக்க கண்ணாடி. கிருபாபாய்ண்ணு பேரு. திருப்புறத்தில அவளுக்க தங்கச்சி வீட்டில நிக்குதா. கூட்டிட்டு வரப் போறேன். இண்ணைக்கு கூட்டிட்டுத்தான் வருவேன். ஷூட்டிங்குக்கு ஆளு வேணுமில்லா.

சிரிக்காத. மெய்யாட்டு சினிமாதான். கொல்லயில்ண்ணு ஒரு ஊரு, அங்க ஒரு பழைய நாலுகெட்டு வீடு உண்டு, நடுமுற்றத்தில மழ வந்து விழும் பாத்துக்க, அதில வச்சு ஒரு படம். நூறு வருசத்துக்கு முந்தின கத. ஒரு பெரிய தறவாட்டுக் குடும்பம், அதில கொஞ்சம் ஏமான்மாரு, அவங்களுக்கு அடுக்களையிலயும் மாட்டுத் தொழுத்திலயும் வேல செய்ய ஒரு கூட்டம். உள்ளூரு முகம் வேணும்ணு பாறசாலையில ஆளெடுத்தானுவ. எனக்க மீசைய பாத்த உடன டைரக்டர் பையன் சொல்லிட்டான், சேட்டன்தான் காரணவருண்ணு. தறவாட்டுக்கே தலைவரு. இவ எனக்க கூட சும்மா வேடிக்க பாக்க வந்தவ. சேச்சி வேலைக்காரியா நிக்கட்டும்ணான்.

அவளுக்கு நல்ல சந்தோசம் கேட்டியா. சாரிய மாத்தி முண்டு உடுத்தா, கம்மல கழத்தினா, கண்ணாடிய கழத்தத்தான் மனசில்ல. அது இல்லண்ணா எதிர வாற ஆளு அவளுக்குத் தெரியாது. அந்தக் காலத்து அடுக்களைக்காரிக்கு ஏது கண்ணாடிண்ணு துணி குடுக்குற பிள்ள அத வாங்கி எனக்க கையில தந்திட்டு.

எங்க போனான் இந்த டிரைவரு? நில்லு, எட்டிப் பாக்கேன்... காணல்ல. நான் டியூட்டியில உள்ளப்போ இந்த வெளையாட்டு நடக்காது.

ஆங், சாப்பாட்டு நேரம். ஏமான் வேசம் கெட்டினவனுக்கு கசேரியும் பேனும். வேலைக்கார வேசத்துக்கு தெங்குமூட்டு நெழலு. ஆரும் அப்பிடி இருக்கணும்ணு சொல்லல்ல, தானா அப்பிடி ஆயிப்போச்சு. நான் பேனுக்க கீழ இருந்தேன். அவ தெங்குமூட்டில இலைய வச்சிட்டு இருந்தா. பக்கத்தில ஒரு கசேரி காலிதான். நான் கூப்பிடல்ல.

சீன் ரொம்பச் சின்னது. நான் பலகையில இருந்து கஞ்சி குடிக்கணும், அவ ஊத்தி விளம்பணும், நான் ஏசணும். எழுதித் தந்தது நாலு வரி, பழைய மலையாளம். நாக்கு வழங்கல்ல. எட்டு டேக் போச்சு. எட்டு வாட்டியும் அவ கஞ்சி விளம்பினா. டைரக்டருக்கு தலவேதன. கடைசியில சொல்லுதான், சேட்டா, வசனத்த விடு, டப்பிங்கில பாத்துக்கலாம், வீட்டில பசிச்சு வந்து இருக்கப்போ எப்பிடியோ அப்பிடி இரிண்ணு.

அப்பிடியே இருந்தேன். அவ கொண்டு வச்சா. ஒரு வாயி குடிச்சேன், உப்பில்ல. பாத்திரத்த புறங்கையால தள்ளிட்டு, இத நாய்க்கு ஊத்தெடீண்ணேன். அவளுக்க முகத்த பாக்கல்ல, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கைய மட்டும் நீட்டினேன். அவ தோளில கிடந்த துவர்த்த எடுத்து கையில தந்தா. துடைச்சிட்டு எறிஞ்சேன். குனிஞ்சு எடுத்தா. அந்த துவர்த்து சமாச்சாரம் ஸ்கிரிப்டிலயே இல்ல மக்கா. எங்க ரெண்டு பேருக்கும் ஆரும் சொல்லித் தரல்ல.

கட்டுண்ணு சொன்னதும் கைதட்டு. டைரக்டர் ஓடி வந்து எனக்க கைய பிடிச்சிட்டு, இந்தக் காரணவர எங்கயிருந்து படிச்சீங்கண்ணு கேக்கான். நான் மீசைய தடவிட்டு நிண்ணேன்.

அப்பம் இவ வந்து கண்ணாடி கேட்டா. எடுத்தத டிவியில போட்டுக் காட்டுனானுவ இல்லா, பாக்கணுமாம். குடுத்தேன். பாத்தா. இன்னொரு வாட்டி போடுங்க மக்காண்ணா. அதையும் பாத்தா. பின்ன கண்ணாடிய கழத்தி, நான் கை நீட்டல்ல கேட்டியா, அவளா எனக்க கையில வச்சிட்டுப் போனா. சாயா குடிக்கப் போறாண்ணு நெனச்சேன். அந்த வேசத்தோட ரோட்டுக்குப் போயி ஆட்டோ பிடிச்சிருக்கா. கண்ணு தெரியாம எப்பிடிப் பிடிச்சாளோ.

என்ன அப்பிடிப் பாக்குறே? நான் அடிச்சது கிடையாது. முப்பத்திமூணு வருசத்தில ஒரு விரலு தொட்டு நோவிச்சது கிடையாது. குடி இல்ல, பீடி இல்ல. சர்ச்சில கேட்டுப் பாரு. நான் செய்தது ஊரில எல்லா வீட்டிலயும் உள்ளதுதான். மத்த வீட்டில கேமரா இல்ல, அவ்வளவுதான்.

நானும் அவளுக்க பின்னால நிண்ணு பாத்தேன் மக்கா. மீசையும் வேசமும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆளு கொள்ளாது. அந்தக் கை நீட்டினவன எனக்கே பிடிக்கல்ல.

செரி, விடு. போயி என்ன சொல்லணும்ணு எல்லாம் யோசிச்சு வச்சிருக்கு. கண்டினியூட்டிண்ணு ஒண்ணு உண்டு. சீனுக்கு பாக்கி இருக்கு, நீ வரல்லண்ணா இத்தன பேருக்க சோலி முடங்கும்ணு சொல்லணும். அப்பிடிச் சொன்னா வருவா. அடுத்தவனுக்கு ஒரு நட்டம் வாறது அவளுக்குப் பொறுக்காது.

ஆ, வாறான் பாரு டிரைவரு. நல்ல மெதுவா வாறான். ஏறு ஏறு.

எப்பமா? அடுத்த ஷூட்டிங்கா?

அவனுவ எல்லாத்தையும் கெட்டித் தூக்கிட்டுப் போயி பதினேழு நாளாச்சு. நாலுகெட்டு பூட்டிக் கிடக்கு. அது அவளுக்கும் தெரியும். நேத்து எனக்க மவ ரெஜிலா போன் செய்தா. அம்மைக்கு புதுக் கண்ணாடி வாங்கியாச்சாம். தூரத்தில வாற ஆளு முகமும் நல்லாத் தெரியுதாம். எனக்கு அதாக்கும் பயம்.

சில்லற எடுத்து வை, கண்டக்டர் வாறான். எனக்கு திருப்புறம் ஒண்ணு.