மூணு நிமிஷத்துக்கு ஒரு பேரம்

அந்தாளு ஒரு அயோக்கியன், ஸ்ம்ருதி. நீ போஸ்டர்ல மாமேதைன்னு போட்டுக்கோ, எனக்கென்ன. ஆறு வயசுப் புள்ளைய ஏமாத்தி அழவெச்சு, அதப் படம் புடிச்சவனுக்கு என் ஹால்ல நான் ஸ்க்ரீன் கட்ட மாட்டேன். நிக்காத, உக்காரு. டீ ஆறுது பாரு.

என்னது, சென்சார்ஷிப்பா? நானா? நான் அமெரிக்கா வந்து சான்டா கிளாரால பார்ட்டி ஹால் நடத்துறவன்மா. சீமந்தம், பர்த்டே, அரங்கேற்றம், இதான் என் பொழப்பு. வெட்டினது அவன் ஊர்க்காரங்க. ஐரோப்பால, அவன் சொந்த தேசத்துல, போர்டுல பத்துப் பேரு உக்காந்து பாத்துட்டு, இந்த மூணு நிமிஷம் ஆகாதுன்னு கத்திரி போட்டாங்க. முப்பத்தொம்போது வருஷம் கழிச்சு உங்க ஃபிலிம் க்ளப்பு அத அன்கட்டுன்னு தூசி தட்டிக் கொண்டாந்திருக்கு.

ரத்தமா, சண்டையா? ஒண்ணும் கெடையாது. ஒரு புள்ள அழுவுது. அவ்ளோதான். ஆனா நெஜமா அழுவுது. அந்தாளே பேட்டில பெருமையா சொல்லிக்கிட்டான். மீன் விக்கப் போன உங்கம்மா பஸ்ஸு கவுந்து செத்துட்டாங்கன்னு புள்ளகிட்ட சொல்லச் சொன்னேன், கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னு.

நடிப்பா? நல்லாருக்கு உன் நடிப்பு.

அவன் ஊர்ப் புள்ளையா இருந்தா முடியுமா சொல்லு. அங்க ஷூட்டிங்குன்னா புள்ளைக்கு இத்தன மணி நேரம்தான்னு கணக்கு உண்டு. கவர்மெண்ட் அனுப்புன ஒரு அம்மா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கும். புள்ள மொகம் சுருங்குனா, நிறுத்துன்னு சொல்லும். அதான் காரைக்காலுக்கு வந்தான். கேமராவுக்கு டிக்கெட் எடுத்தான், லைட்டுக்கு எடுத்தான், அந்தம்மாவுக்கு மட்டும் எடுக்கல.

எனக்கு எப்படித் தெரியும்னா? நான் பொறந்த கரைம்மா அது. ஊரே வேடிக்க பாத்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் புள்ளையோட அம்மா கூடையத் தூக்கிக்கிட்டு எப்பவும் போல வந்து எறங்குனாங்க. புள்ள கிட்டயே போகல. பேயின்னு அலறிக்கிட்டு ஓடிச்சு. அதப் படம் புடிக்க ஆளில்ல. ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் ஆயிடுச்சு.

ஆமா, அந்தப் புள்ள எழிலரசி வருதுன்னு போஸ்டர்லயே பாத்தேன். டெக்சாஸ் ஆலன்லேருந்து ஃப்ளைட் புடிச்சு வருது, கேள்வி பதில் வேற. இந்த மூணு நிமிஷம் உள்ள இருக்குன்னு அதுகிட்ட சொன்னியா?

சர்ப்ரைஸா! ஏம்மா, நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைய எரநூறு பேரு நடுவுல உக்காரவெச்சு, உங்கம்மா செத்துட்டாங்கன்னு ரெண்டாந்தடவ சொல்லப் போற. அதுக்குப் பேரு சர்ப்ரைஸு.

சரி, டேபிளத் தட்டுனது தப்புதான். வா, பேசித் தீத்துக்குவோம். வாடகை வேணாம். ப்ரொஜெக்டர் என்னுது. எரநூறு பேருக்கும் பிரியாணி நான் போடுறேன். மூணு நிமிஷத்த எடுத்துடு.

கான்ட்ராக்ட்ல ஒரு ஃப்ரேம் தொடக் கூடாதா? ஒன்றரை? அட, ஒரு நிமிஷமாவது?

கெளம்பாத, இரு. படம் முழுசா ஓடட்டும். சத்தத்த மட்டும் நிறுத்திடு. அந்த மூணு நிமிஷமும் ஊமையா ஓட்டு. அதுல ஒண்ணும் பெரிய வசனமில்ல.

ஒரு ஆம்பளக் குரல். கேமராவுக்குப் பின்னாலேருந்து வரும்.

அது அவன் குரலா எப்படிம்மா இருக்கும்? அவனுக்குத் தமிழ் ஏது? அவன் சொல்றத யாராவது தமிழ்ல சொன்னாத்தான புள்ளைக்குப் புரியும். எனக்கு அப்ப பத்தொம்போது வயசு. அந்தக் கரையில இங்கிலீஷ் பேசுறவன் நான் ஒருத்தன்தான். நல்லாப் பேரம் பேசி வேலைல சேந்திருந்தேன். மொதத் தடவ சொன்னப்ப புள்ள சிரிச்சுது. வெளையாடுறேன்னு நெனச்சுக்கிச்சு. இன்னும் நம்புற மாதிரி சொல்லுன்னான். சொன்னேன்.

டீயக் குடி.

எனக்காகத்தான் கேக்குறேனா? அதுவும்தான். இல்லன்னு உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். அந்தக் குரல் எழிலரசிக்கு ஞாபகம் இருக்கும். எனக்கே இருக்கே.

சரி, பேரத்த மாத்திக்குறேன். சத்தம் இருக்கட்டும். நீ இன்னிக்கே எழிலரசிக்கு போன் போட்டு உள்ள என்ன இருக்குன்னு சொல்லு. வேணாம்னா படம் கெடையாது. வரேன்னா, அந்தாளக் கூப்புடு. எண்பது வயசாமே, உசுரோடதான இருக்கான். ஜூம்ல வரச் சொல்லு. அந்தப் பொய்யச் சொல்லச் சொன்னது நான்தான், மன்னிச்சுக்கன்னு அது மொகத்தப் பாத்து அவன் வாயால சொல்லணும். அதுக்கு இங்கிலீஷ் நல்லாப் புரியும், தெரியும். இருந்தாலும் பக்கத்துல நின்னு நான் தமிழ்ல சொல்றேன். மொதல்ல அவன் சொல்லட்டும்.